ஒரே பாட்டு தெரிந்த பாண்டு

பட்டாளத்து பாண்டில் வாசித்துக்கொண்டிருந்த பெரியப்பா, காலில் அடிபட்டு, சண்டை முடியும் முன்பே தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டார். கையில் பளபளவென்று ஒரு கார்னெட், வாயால் ஊதுகிற சிறிய பித்தளைக் குழல். வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று எங்கள் தெரு ஆட்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். மில்லில் வேலை பார்த்த எதிர்வீட்டுக்காரர் கிளாரினெட் எடுத்துக்கொண்டார். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஒருவர் பெரிய டிரம். மூன்று மாதத்தில் அவர்கள் கற்றது ஒரே ஒரு பாட்டு.

முதன்முதலில் அதை வெளியில் வாசித்தது என் தம்பியின் அடக்கத்துக்கு. எட்டு மாதக் குழந்தை, காய்ச்சலில் போய்விட்டான். அப்பா சிறிய பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். பின்னால் பாண்டு மெதுவாக வாசித்துக்கொண்டு வந்தது. எனக்கு ஆறு வயது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு என் மனதில் நின்றது எங்கள் வீட்டுக்காக ஒரு பாண்டு தெருவில் போனதுதான்.

அதன் பிறகு அப்பாவுக்குச் சாயங்காலம் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பெரியப்பா அவர் கையில் இரண்டு குச்சிகளைக் கொடுத்து, சிறிய டிரம் முன்னால் உட்காரவைத்தார். பாண்டு நான்கு பேரானது.

அந்த வருஷமே சித்திக்குக் கல்யாணம். வேறு பாட்டு பழக நாள் இல்லை.

"வேகமா வாசிச்சா கல்யாணப் பாட்டுதாம்ல" என்றார் பெரியப்பா.

அப்பா தலையாட்டினார். தாளம் பிசகக் கூடாதே என்பதுதான் அவர் கவலை.

மாதா கோவிலிலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வர, முன்னால் பாண்டு முழங்கியது. பிள்ளைகளெல்லாம் ஆடினோம். அம்மாவை மட்டும் காணவில்லை. உள்ளே ஓடினேன். அடுப்படியில் கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பாட்டும்மா. வந்து பாரும்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் குச்சிகள் நின்றுவிட்டன. தாளம் இல்லாமல் கிளாரினெட் தடுமாறியது, கார்னெட்டும் ஓய்ந்தது. கூட்டம் எங்களைப் பார்த்தது.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அப்பா பக்கத்தில் போனாள். "ஏன் நிறுத்திட்டிய? அடிங்க. பிள்ளைக்குக் கல்யாணம்லா" என்றாள் மெல்ல.

அப்பா அடித்தார். சித்தி வீட்டுக்குள் வரும்வரை அம்மா அங்கேயே நின்றாள்.

பின்னாளில் அந்த பாண்டில் பதினோரு பேர் இருந்தார்கள். சிவப்புச் சட்டை தைத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் கல்யாணங்களுக்குப் போனார்கள். அதெல்லாம் பிறகு. கல்யாணம் முடிந்த மறுவாரமே எங்கள் வீட்டில் கூடிப் புதுப் பாட்டு ஒன்று பழக ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை; பழையதுதான் வேண்டும் என்று அழுதேன்.

"அதை இனிமே வாசிக்காண்டாம்ளா" என்றார் பெரியப்பா, அம்மா பக்கம் பார்க்காமல்.

காப்பி கொண்டுவந்த அம்மா தம்ளர்களைக் கீழே வைத்தாள். "அதையும் மறந்துராதிய அத்தான். எப்பமாவது இங்கன வந்து வாசிங்க. மெதுவா."

அம்மாவுக்கும் என்னைப் போலவே அந்தப் பாட்டு பிடித்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. ஓடிப்போய் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு, வாசிக்கச் சொல்லிக் கைதட்டினேன்.