வாசலுக்கு வெளியே மார்லிஸ்

மார்லிஸ் டூக்கின் வகுப்பில் ஒரு விதி உண்டு. கடைசி நாள் மதியம் ஒவ்வொருவரும் தம் பைப்லைனை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். மரபணுத் தரவைப் படிப்படியாக அலசி முடிவு வரை கொண்டுபோகும் கட்டளைகளின் கோவைதான் பைப்லைன். உள்ளே இருப்பவர் குறிப்பை மட்டும் படித்து அதை ஓட்டி, அதே முடிவைக் கொண்டுவர வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, ஜாடையும் காட்டக் கூடாது.

கனடாவின் சஸ்கட்டூன் நகரப் பயிர் ஆராய்ச்சி மையத்தில் அவளைப் பிடிவாதக்காரி என்பார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு ஊருக்குப் போய்விட்ட ஒருவரின் முடிவைத் திரும்பக் கொண்டுவர ஒரு குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்டினாள். போனில் கேட்டால் அந்த மனிதர், "என் கம்ப்யூட்டர்ல ஓடுச்சே" என்பார். அதைக் கேட்டால் இன்றும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்த வகுப்பு.

இந்த முறை மையத்தின் தலைவர் ஒரெஸ்ட் ஹ்னாடிஷினே மாணவராக வந்து உட்கார்ந்தார். வகுப்பு தொடர்வதும் நிற்பதும் அவர் கையில்.

"எல்லாரையும் படுத்துறீங்களே மார்லிஸ், உங்க பழைய கோதுமை பைப்லைன எங்ககிட்ட குடுங்க. ஓடலைன்னா கடையக் கட்டிரலாம்."

"தாராளமா ஓட்டுங்க. நான் வெளிய நிக்கிறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு, ஒரு காபியோடு வராந்தாவில் போய் நின்றாள். கண்ணாடிக் கதவு வழியே திரையில் சிவப்பு எழுத்துகள் தெரிந்தன. கோதுமையின் மூல மரபணுக் கோப்பை வைத்திருந்த இணையதளத்தையே மூடிவிட்டார்கள் போல. அது வேறு எங்கே கிடைக்கும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரியாகிவிடும். ஒரெஸ்ட் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒருக்களித்த கதவு வழியே பேச்சு மட்டும் கேட்டது.

"லிங்க் செத்துப்போச்சு. கூப்பிட்டுக் கேட்டுருவமா?" என்றார் ஒரெஸ்ட்.

"கூப்பிட்டா நாமதான் தோத்தோம்." இது ரெனே லஃபோன், பயிர்ப் பூஞ்சை ஆய்வாளர். மூன்று நாளாக வாயே திறக்காதவள். "எந்தப் பதிப்புன்னு எழுதி வச்சிருக்காங்க. சரிபார்ப்பு எண்ணும் இருக்கு. வேற களஞ்சியத்துல தேடுவோம்."

"கெடைக்கிறது அதே ஃபைல்தான்னு எப்படி நம்புறது?"

"எண் ஒத்துப்போனா ஒரு எழுத்துகூட மாறலைன்னு அர்த்தம். நேத்து நீங்க கண்ணசந்தப்போ சொல்லிக் குடுத்தாங்க."

உள்ளே சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், சண்டை போட்டார்கள், விசைப்பலகை தடதடத்தது. மார்லிஸின் கையிலிருந்த காபி ஆறிப்போனது.

கடைசியில் ஒரெஸ்ட் வெளியே வந்தார்.

"உங்க முடிவுல இருந்த அதே மரபணுப் பட்டியல். ஒரு மரபணுகூட முன்னப்பின்ன இல்ல. அடுத்த வகுப்புக்கு ஆள் சேத்துக்குங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. நீங்க தேவையே படலை."

மார்லிஸுக்குப் பெருமையில் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் யாரும் அவளை இவ்வளவு புகழ்ந்ததில்லை.