டேப்பில் ஏறாத பத்தொன்பது புள்ளிகள்

"இந்தப் புள்ளியெல்லாம் என்னன்னு நினைச்சே?" என்று சித்தி கேட்டாள்.

"பேனா மை சிந்தியிருக்குன்னு நினைச்சேன்."

"பேருக்குப் பக்கத்துல மட்டும் பாத்துப் பாத்துச் சிந்துமாடி மை?"

அவள் பழுப்பு அட்டை நோட்டை இன்னும் ஒரு பக்கம் திருப்பினாள்.

"எல்லாத்தையும் டேப்ல ஏத்திட்டியா?"

"முந்நூத்திப் பன்னெண்டு பேரையும் ஏத்திட்டேன் சித்தி."

"போன் நம்பரோடயா?"

"நம்பர் போடலைன்னா அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது."

சித்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். "போச்சு. லேத்துக்காரன் பொண்டாட்டிக்குச் சனிக்கிழமை ஊசி. மூணு நாள் முன்னாடி மெசேஜ் போகும்னாங்களே. அப்ப நாளைக்கு."

"காலைல ஏழு மணிக்கு" என்றேன்.

தெருமுனையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் செவ்வாய்க்கிழமை மாலை நடந்த பேச்சு இது. சித்தி அங்கே இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். சுற்று வட்டாரத்துக்கே அவள் ஊசிக்காரம்மா. பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஒரு கட்டில், கதவு சாத்தாததால் பேண்டேஜ் துணியால் கட்டிவைத்த பிரிட்ஜ், இரண்டு கிலோவிலிருந்து தொடங்கும் எடை மெஷின். குழந்தையை நிறுத்தால் இரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். அது தாய்மார்களுக்கே மனப்பாடம்.

நோட்டுக்குப் பதிலாக ஹெட் ஆபீஸ் கொடுத்த டேப் கணினியில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டிருந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து அடித்தேன். புள்ளிகளை அடிக்கவில்லை. அடிக்க அதில் இடமும் இல்லை.

அந்தப் புள்ளிக்கு அர்த்தம், இந்தப் பெண் ஊசி போட்டுக்கொள்வது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது. மூன்று மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்காமல் இருக்கப் போடும் ஊசி. லேத்துப் பட்டறைக்காரர் மனைவிக்கு நான்கு குழந்தைகள். நான்காவதில் ரத்தம் நிற்காமல் மயிரிழையில் பிழைத்தவள். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொன்னதற்கு, ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றாராம் கணவர். அதனால் கடைக்குட்டியை எடை பார்க்கும் சாக்கில் வருவாள். குழந்தை மெஷினில் கிடக்கும் அரை நிமிடத்தில் சித்தி ஊசியைப் போட்டுவிடுவாள். அந்த வீட்டில் இருப்பது ஒரே போன். அது கணவரின் சட்டைப் பையில் இருக்கும். குழந்தைக்கு ஏதாவது என்றால் கூப்பிடுவதற்காக அந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்தாள் சித்தி. அதைத்தான் நான் ஏற்றிவிட்டேன்.

உடனே ஹெட் ஆபீசுக்குப் போன் செய்தோம். எண்ணை மாற்ற விண்ணப்பம் அனுப்பினால் மூன்று வேலை நாளில் மாறும் என்றார் ஒருவர்.

"நாளைக்குப் போறதை மட்டும் நிறுத்துங்களேன்."

"அது தானா போகுது மேடம். யாரும் அனுப்பறதில்லை."

சித்தி போனை வைத்தாள். "யாரும் அனுப்ப மாட்டாங்களாம், ஆனா போயிடுமாம். இதுக்குப் பேயே பரவாயில்லை."

மறுநாள் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த வீட்டு வாசலில் நின்றோம். பட்டறைக்காரர் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார்.

"என்னம்மா, வீட்டுக்கே வந்துட்டீங்க? யாருக்குக் குத்தப் போறீங்க?"

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"உனக்குத்தான். வாயாடிங்களுக்குன்னு புதுசா ஊசி வந்திருக்கு" என்றாள் சித்தி. "என் போன்ல சார்ஜ் இல்ல தம்பி. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணிக்கறேன்."

அவர் போனைத் திறந்து கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். சித்தி அதை என்னிடம் நீட்டினாள். "நீ போடுடி, நான் கண்ணாடி கொண்டு வரலை." கண்ணாடி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்படி வாசலுக்கு வந்து நின்ற அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

வெறும் போனைக் காதில் வைத்து "ரிங் போகுது" என்றேன். சுவர்க் கடிகாரத்தில் ஏழு அடித்தது. எதுவும் வரவில்லை. ஏழு இரண்டு. அவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டே வந்தார்.

"லைன் கிடைக்கலையா? இப்படிக் குடும்மா, நான் போட்டுத் தர்றேன்."

அவர் கை நீளும்போதுதான் என் கையில் போன் அதிர்ந்தது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே அவளுடைய பெயரும் 'ஊசி' என்ற சொல்லும் இருந்தன. கட்டை விரலால் இரண்டு தொடல். அழிந்தது.

"பிஸியா இருக்கு" என்று போனைக் கொடுத்தேன். அவர் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அவள் சித்திக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். பாதி தட்டில் சிந்தியிருந்தது. சித்தி சிந்தியதையும் சேர்த்துக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

தெருவில் வெகுதூரம் வந்த பிறகு, "அடுத்தவங்க கடுதாசியை நான் ஒரு நாளும் பிரிச்சதில்லை. இன்னைக்கு உன்னை வச்சுத் திருடிட்டேன்" என்றாள். இன்னும் பதினெட்டுப் புள்ளிகள் இருந்தன. அடுத்த மெசேஜுக்குப் பதினோரு நாள்.

அன்றே பத்தொன்பது பேருக்கும் சித்தியின் எண்ணைப் போட்டு விண்ணப்பம் அனுப்பினோம். திங்கட்கிழமை பதில் வந்தது. நான் படித்துச் சொன்னேன். ஒரு எண்ணில் பத்துப் பேர்தான் இருக்கலாம். அதற்கு மேல் போனால் போலிப் பதிவு என்று கணக்கில் எடுத்து விசாரிப்பார்கள்.

சித்தி நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்த பெயர்களை வரிசையாக எழுதி, பத்தாவதுக்குக் கீழே கோடு போட்டாள். லேத்துக்காரர் மனைவி முதல் பெயர். கோட்டுக்குக் கீழே ஒன்பது பெயர்கள். நான் சொந்தக்காரர்களுக்குக்கூட என் எண்ணைக் கொடுப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் அதைச் சொல்லிக் கேலி செய்வதே அவள்தான். அன்று என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

"மீதி ஒன்பது பேருக்கும் உன் நம்பரைப் போட்டுக்கட்டுமா? மெசேஜ் வந்தா எனக்குச் சொன்னாப் போதும். ஆனா போனை யார் கையிலயும் குடுக்கக் கூடாது. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனாலும்."