பீரோவுக்குள் போன கம்பளி

அந்தக் கம்பளி அழுக்காக இருந்ததால்தான் நான் அதைத் துவைத்தேனா? இருபது வருடங்களாக இதை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. மறுநாள் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, இல்லவே இல்லை என்று தோன்றுகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறையில் புதுச்சேரியிலிருந்து என் அத்தை மகள் திண்டிவனத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பதினொன்று. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். அத்தை அவரோடு இருக்கப் பிரான்சுக்கு விமானமேறிப் போய்விட்டார். மகளுடைய பாஸ்போர்ட், விசாக் காகிதங்கள் மட்டும் எங்கோ நின்றுபோயிருந்தன. அவை வரும்வரை அவள் எங்களோடு இருப்பாள் என்றார்கள். எவ்வளவு நாள் என்று நான் கேட்டதற்கு அம்மா என்னை முறைத்தார்.

அவள் ஒரு டிரங்குப் பெட்டியும் சாம்பல் நிறக் கம்பளி ஒன்றும் கொண்டுவந்திருந்தாள்.

"சித்திரை வெயில்ல கம்பளி இன்னாத்துக்கு கண்ணு? குடு, பீரோவுல வச்சுடறேன்" என்றார் அம்மா.

"வேணாம் மாமி. பாச்சை உருண்டை வாசனை ஏறிக்கும்" என்று அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரித்தாள். "எங்க பிரெஞ்சு ஸ்கூல்ல பீரோன்னா டீச்சரம்மா உக்காந்து எழுதுற மேசை. அதுக்குள்ள எப்படிக் கம்பளி வைக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பீரோ என் ராஜ்ஜியம். அம்மாவுக்குச் சீராக வந்த இரும்புப் பீரோவின் கதவு, சாவியைத் திருப்பினால் மட்டும் திறக்காது. முழங்காலால் கதவை அழுத்திக்கொண்டு, கைப்பிடியைச் சற்றே மேலே தூக்கித் திருப்ப வேண்டும். அப்பாவுக்குக்கூட அது கைவரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் "எங்க பொண்ணுதான் தெறக்கணும்" என்று அம்மா சொல்வதைக் கேட்பதற்காகவே நான் பக்கத்திலேயே நிற்பேன்.

"பொய் சொல்றா. மேசை வேற, பீரோ வேற" என்றேன்.

"ஆபீசுக்கும் அதான் பேரு" என்றாள் அவள் சாதாரணமாக.

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். எல்லாம் அங்கேதான் கெட்டது. அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஏலம் நடக்கும் மார்க்கெட் கமிட்டியில் குமாஸ்தா. மூட்டைக்கும் தராசுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மனிதருக்குச் சொற்களின்மேல் அப்படி ஒரு பைத்தியம். மறுநாள் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் ஒருவர் வீட்டிலிருந்து செங்கல் கனத்துக்கு ஓர் அகராதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"மொதல்ல பீரோங்கறது ஒரு துணிம்மா! பிரான்ஸ் தேசத்துல ஏழைபாழைங்களும் சாமியாருங்களும் போட்டுக்கினு இருந்த முரட்டுக் கம்பளித் துணி. அதை எழுதுற மேசைமேல விரிச்சாங்க. அப்புறம் மேசைக்கே அந்தப் பேரு வந்துட்டுது. பின்னாடி மேசை கெடக்கற ரூமுக்கு. அப்புறம் ஆபீசுக்கு."

ஜெர்மன்காரர்கள் அலுவலகம் என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். ஆங்கிலேயர்கள் இழுப்பறை வைத்த எழுதுமேசைக்கு அந்தப் பெயரை வைத்தார்களாம். அமெரிக்காவில் அது துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டியாகிவிட்டதாம். எந்த வழியாகத் திண்டிவனம் வந்து இரும்பாயிற்று என்பது மட்டும் அகராதியில் இல்லை.

"துணியில ஆரம்பிச்சு, ஊரெல்லாம் சுத்தி, கடைசியில துணி வைக்கிற பொட்டியா வந்து நின்னுட்டுது பாரு!" என்று தொடையில் தட்டினார். "என் மேசையிலயும் பச்சைத் துணி ஒண்ணு கெடக்குது. அதுதான் அசல் பீரோன்னு தெரியாம, இத்தினி வருஷமா அதும்மேல டீ கிளாஸை வச்சிக்கினு இருந்துட்டேன்."

"எங்கப்பா குடுத்த சீருக்கு இத்தினி தேசத்துக்காரன் பங்கு கேக்கறானா? சாப்புடுங்க, சோறு ஆறுது" என்றார் அம்மா.

அவள் சிரித்தாள். அப்பா அவள் தலையைத் தடவினார். நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து போனேன்.

அடுத்த வாரம் முழுவதும் அப்பா போகிற இடமெல்லாம் இந்தக் கதைதான். டீக்கடையில், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் இடத்தில், எதிர்வீட்டுக்காரரிடம். "எங்க தங்கச்சி பொண்ணு புடிச்சுக் குடுத்த வார்த்தை" என்று ஒவ்வொரு முறையும் முடிப்பார். நானும் ஒரு வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு போனேன். "அப்பா, சாவிகூடத் தமிழ் இல்லையாமே?"

"ஆமா, போர்த்துகீசுக்காரன் குடுத்துட்டுப் போனது" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதற்குள் அவள் தனக்கென்று ஒரு பீரோ அமைத்துவிட்டாள். ஜன்னலடியில் டிரங்குப் பெட்டியைப் போட்டு, மேலே அந்தக் கம்பளியை விரித்து, தினமும் அதன்முன் சம்மணமிட்டு அத்தைக்குக் கடிதம் எழுதுவாள். எழுதிக்கொண்டே அப்படியே குனிந்து கம்பளியில் முகம் வைத்துக்கொள்வாள். அப்பா வேலையிலிருந்து வந்ததும் எதிரில் கைகட்டி நிற்பார். "மனு குடுக்க வந்திருக்கேங்க அம்மா. பார்த்துச் செய்யுங்க."

"நாளைக்கு வாங்க. ஆபீசர் லீவு" என்பாள் அவள்.

நான் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நிற்பேன். எங்கள் பெரிய பீரோவைத் திறக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் அவளுடைய காகிதத்தில் விழுப்புரத்தில் இருந்த உறவினர் ஒருவரின் கையெழுத்து வேண்டுமென்று, அப்பா அவளை ரயிலில் அங்கே கூட்டிக்கொண்டு போனார். நானும் வருகிறேன் என்றேன்.

"வடகம் காயுது. காக்கா ஓட்ட ஆள் வேணாமா? அடம் புடிக்காதடி" என்றார் அம்மா.

மொட்டை மாடியில் குச்சியோடு உட்கார்ந்தேன். ரயில் ஊதிய சத்தம் கேட்டது. ஜன்னலோரம் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். சற்று நேரம் பொறுத்துக் கீழே இறங்கினேன். கம்பளியின் ஓரத்தில் மை சிந்திய கறை இருந்தது. அது உண்மை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதுவும் உண்மை. அந்தத் தண்ணீரில் சலவைச் சோடாவைப் போட்டு ஊறவைத்து, கை சிவக்கக் கல்லில் அடித்துத் துவைத்தேன். பழைய தைல வாசனை ஒன்று முதலில் குப்பென்று எழுந்தது, பிறகு அடங்கிப்போனது. வடகத்துக்குப் பக்கத்தில் காயப்போட்டு, காய்ந்ததும் பெட்டிமேலேயே விரித்துவைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டு என் கன்னத்தை வழித்தார். "சொல்லாமலே செஞ்சிருக்க பாரு. பொறுப்பு வந்துட்டுதுடி உனக்கு!" அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

சாயங்காலம் அவர்கள் திரும்பினார்கள். அவள் என்னைத் தேடி வந்து, பாவாடை மடிப்பிலிருந்து இரண்டு வெள்ளரிப்பிஞ்சுகளை எடுத்து நீட்டினாள். "ரயில்ல வித்தாங்க. நான் திங்கல, உனக்குத்தான் எடுத்தாந்தேன்."

வாங்கிக்கொண்டேன். அதன்பிறகுதான் அவள் பெட்டியைப் பார்த்தாள். வெந்நீர் பட்ட கம்பளி சுருங்கிப்போயிருந்தது. பெட்டியின் பாதியைக்கூட அது மூடவில்லை.

"உனக்காகப் பாப்பா கஷ்டப்பட்டுத் துவைச்சுது கண்ணு" என்றார் அம்மா.

அவள் அதை எடுத்து முகத்தில் வைத்தாள். திருப்பி மறுபக்கத்தை வைத்தாள். அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்து அதற்கான பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் நான்காக மடித்து என்னிடம் நீட்டினாள்.

"பீரோவுல வச்சுடு. இனிமே எங்க இருந்தா இன்னா."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முழங்காலால் அழுத்தி, கைப்பிடியைத் தூக்கி, சாவியைத் திருப்பினேன். பாச்சை உருண்டை நெடியோடு கதவு திறந்தது. கம்பளியை அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆடி மாதம் காகிதங்கள் வந்தன. அவள் போய்விட்டாள், கம்பளியைக் கேட்கவில்லை. புறப்படும் நாள்வரை அத்தை போர்த்திக்கொண்டிருந்த கம்பளி அது என்பதை, எனக்குக் கல்யாணமான பிறகு ஏதோ பேச்சுவாக்கில் அம்மா சொன்னார். பத்து வயதில் எனக்கு இது தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள் அதில் முகம் வைப்பதைத் தினமும் பார்த்தவள் நான்தானே?

இப்போது நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னதுக்கு எட்டு மாதம். என் பழைய நூல்புடவைத் துண்டு ஒன்று இல்லாமல் சின்னது தூங்காது. போன செவ்வாய்க்கிழமை அந்தத் துண்டைக் காணோம். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. தேடியதில் பீரோவின் அடித்தட்டில் இருந்தது. ஓரம் பிசகாமல் மடித்து, மேலே ஒரு பாச்சை உருண்டையும் வைத்து.

"நான்தாம்மா எடுத்து வச்சேன். வீடெல்லாம் துணியா கெடந்துது" என்றாள் மூத்தவள்.

"சமத்து!" என்றார் என் கணவர்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாராட்டவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. வீடு முழுக்கத் துணி கிடந்ததும் உண்மைதான். அவளுக்கே தெரியாத ஒன்றை நான் தெரியவைத்துவிடுவேனோ என்றும் பயம், பேசாமல் விட்டால் என்னைப்போல் ஆகிவிடுவாளோ என்றும் பயம். அவளைக் கடைசியாக எப்போது மடியில் உட்காரவைத்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

இதைப் படிக்கும் அம்மாக்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் அந்தக் குழந்தையிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு எழுதுங்கள். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: "நான் செஞ்சது நல்லதுதானேம்மா?"