அப்பாவிடம் முட்டை சாப்பிடச் சொன்னேன்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், "இனிமே தினம் முட்டை சாப்டுங்கப்பா. மீனு, கோழி… எதையும் விட வேணாம்" என்று சொல்லிவிட்டு, கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தங்கியிருக்கும் ரூமுக்குத் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை கேரி தீவிலிருந்து அத்தை துணிப்பையோடு வந்து இறங்கிவிட்டார். தன் அண்ணனை, அதாவது என் அப்பாவை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிட!

முட்டைக்கும் கடைசிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எனக்கும் அப்போது புரியவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — நான் கணக்கியல் பட்டதாரி. பங்சாரில் ஓர் ஆடிட் ஆபிசில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவள். அப்பாவின் கிட்னி பழுதாகத் தொடங்கியபோது வேலையை விட்டேன். முப்பத்தைந்தைத் தாண்டிய வயதில் மறுபடியும் முதலாம் ஆண்டு மாணவி. டயட்டீஷியன் படிப்பு. இப்போது கடைசி வருஷம், ஆஸ்பத்திரியில் பயிற்சி.

"கணக்குப் படிச்ச பிள்ள இப்ப சமையல் படிக்குதாம் லா" என்று கிள்ளான் பண்டமாரானில் எங்கள் வரிசை வீடுகள் பூராவும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர் அவர். தனக்காகத்தான் மகள் நல்ல வேலையை விட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் நான் எதைச் சொன்னாலும் வேதவாக்கு.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, "கறி, மீனெல்லாம் கொஞ்சம் குறைச்சுக்குங்கப்பா… கிட்னிக்குப் பாரம்" என்றேன். அவருடைய அன்றைய நிலைமைக்கு அது சரியான யோசனை. ஆனால் நான் சொன்னது டயட். அவர் காதில் விழுந்தது பத்தியம். இரண்டும் ஒன்றா? டயட்டில் 'குறை' என்றால் குறைப்பது. பத்தியத்தில் 'குறை' என்றால் அடியோடு நிறுத்துவது. பத்தியம் அரைகுறையாக இருந்தால் நம் ஆட்களுக்கு அது பத்தியமே இல்லையே! கஞ்சி, கொஞ்சம் ரசம், மறுபடியும் கஞ்சி. நானும் படித்துப் படித்துச் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன், சண்டை போட்டேன். "நீ சொன்னதத்தானேம்மா செய்றேன்" என்பார்.

இந்த வருஷம் டயாலிசிஸ் தொடங்கியது. பாடம் தலைகீழாகிற இடம் இது. மெஷின் இரத்தத்தைக் கழுவும்போது கழிவோடு சேர்ந்து கொஞ்சம் சத்தும் போய்விடும். அதுவரை குறைக்கச் சொன்ன புரதத்தை இனிமேல் கூட்டிச் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் உடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பித்துவிடும். அப்பாவின் உடம்பு தின்ன ஆரம்பித்திருந்தது. அரைக்கைச் சட்டைக்குள் கை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முட்டைப் பேச்சு. அப்பா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டாக்டரு ஏதும் சொன்னாராம்மா?"

"இல்லப்பா, நாந்தான் சொல்றேன்."

"எல்லாம் சாப்டலாமா?"

"ஆமாப்பா. நல்லா சாப்டுங்க."

"சரிம்மா" என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று எனக்குப் பூரிப்பு வேறு. கடைசியில் என் படிப்பு பலித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய் சாயங்காலம் அம்மா போன் செய்தார். ஒரே அழுகை.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம நேரா அவருகிட்டயே சொல்லிட்டியே…"

"என்னம்மா சொன்னேன்?"

"எல்லாம் சாப்டலாம்னு சொன்னியாமே! அவரு தங்கச்சியப் பாக்கணும்னு வரச்சொல்லிட்டாரு. அவ வந்து உக்காந்திருக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் வீடுகளில் டாக்டர் வாயிலிருந்து வரவே கூடாத வாக்கியம் எது? நோயின் பெயர்கூட இல்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க… அவருக்குப் பிடிச்சத எல்லாம் குடுங்க." பெரியப்பாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஓடிப்போய் ஆட்டுக்கறி வாங்கி வந்தார்கள். அந்த வாரமே போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். அதைத்தான் பெற்ற மகள் நான், சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு ரயிலேறியிருக்கிறேன்!

அடுத்த ரயிலைப் பிடித்துப் பண்டமாரான் போய்ச் சேர்ந்தேன். அத்தை கொண்டுவந்த நண்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு நண்டுக்கறி என்றால் உயிர். ஹாலில் அப்பா சலவை வேட்டி கட்டிச் சாய்ந்திருந்தார். இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லையாம். சாப்பிடச் சொல்லப் போய், இருந்ததையும் நிறுத்திவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். டயாலிசிஸ், புரதம், சதை எல்லாம். "சரிம்மா" என்றார். எதைச் சொன்னாலும் "சரிம்மா." வார்டில் எங்களுக்கு இந்த 'சரி' நன்றாகப் பழக்கம். நோயாளி காதை மூடிக்கொண்டார் என்று அர்த்தம்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார். "மறைக்காம சொல்லும்மா… எத்தன நாளு?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என்னென்னவோ சொன்னேன். சத்தியம்கூடச் செய்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் செத்துக்கொண்டிருப்பவரிடம் மகள்கள் பேசும் குரல் ஒன்று உண்டே… அந்தக் குரலில்தான் வந்தது. எனக்கே கேட்டது.

அந்த நேரம் பார்த்து அத்தை ஒரு டம்ளர் இளநீரோடு வந்தார். "அண்ணே, இதயாச்சும் குடிங்க. வயிறு குளிரட்டும்."

"அத்தே! வைங்க கீழ!"

கத்திவிட்டேன். "இளநீ தொடவே கூடாது! பொட்டாசியம் ஏறுனா ஹார்ட் நின்னுடும்!"

அத்தை டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கூடாதா?"

"கூடவே கூடாது."

"வாழப்பழம்?"

"ம்ஹூம்."

"டுரியான்… ஒரே ஒரு சொள?"

"அப்பா!"

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அத்தை பக்கம் திரும்பினார். "கேட்டியா? எல்லாம் சாப்டலாம்னு யாரு சொன்னா? அது கூடாதாம், இது கூடாதாம் லா…" குரலில் அப்படி ஒரு பெருமை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, முட்டை அவிக்கச் சொன்னார்.

சாப்பிட்டார். வெள்ளைக்கரு முழுவதையும். சமையல்கட்டில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

சுபம் என்று முடித்துவிடாதீர்கள். கரைந்துபோன சதை அந்த வயதில் லேசில் திரும்பாது. இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், வார்டில் பார்த்திருக்கிறேன். முட்டையைப் பிடித்திருந்த அவர் விரல்களிலும் பார்த்தேன். மற்ற மகள்கள் சாமிக்கு வேண்டிக்கொண்டு கொஞ்சமாவது தூங்குவார்கள். எனக்கு இந்த நோய் போகும் பாதை தெரியும். படிப்பு எனக்குத் தந்ததைவிட என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அதிகமோ என்று தோன்றுகிறது.

'ஒரு டிகிரி முடித்துவிட்டேன், இன்னொன்று படிக்கலாமா?' என்று உங்களில் சிலர் கேட்டு எழுதுகிறீர்கள். தாராளமாகப் படியுங்கள். ஆனால் வீட்டிலிருக்கும் நோயாளியைக் காப்பாற்றுவதற்காகப் படிக்காதீர்கள். நோய்க்கு செமஸ்டர் லீவு கிடையாது. நீங்கள் முடிப்பதற்குள் அது முடித்துவிடும்.

ஒருநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்குப் பிடிச்சத எல்லாம் குடுங்க" என்று சொல்லத்தான் போகிறார். அன்றைக்கும் நான் நேராக அப்பாவிடம் வந்து சொல்வேன் — இளநீர் கூடவே கூடாது!