முதலில் நான் பார்த்துவிட்டு வருகிறேன்

ராஜபாளையத்தில் ஒரு சினிமா வந்தால், அதைப் பார்க்கலாமா என்று பிறரைக் கேட்கிறார்கள். மலாயாவின் ஈப்போவில் நீண்ட காலம் ரயில்வே குமாஸ்தாவாக இருந்துவிட்டு விடுப்பில் வந்திருக்கும் எனக்கு இதுதான் முதலில் விநோதமாகப் பட்டது. அங்கே பக்கத்து வீட்டுச் சீனர் எந்தப் படத்துக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் போவது அவருக்கும் தெரியாது. மழை விட்டிருந்தால் போவோம். இங்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் டெண்டுக் கொட்டகையின் மாட்டுவண்டி கொட்டடித்துக்கொண்டு வந்து, ‘குடும்பத்தோடு கண்டு சிரியுங்கள்’ என்று நோட்டீஸ் வீசிவிட்டுப் போனதும், தெருவிலுள்ள கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் என் அக்காள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அக்காள் கணவர் சபை மூப்பர். அவர் சரியென்றால்தான் கிறிஸ்துமஸ் லீவில் பிள்ளைகள் படம் பார்க்க முடியும்.

“கூத்துன்னா கூத்துதான். அதுல பிள்ளைகளுக்குன்னு தனியா என்னட்டி இருக்கு?” என்று அக்காளைக் கேட்டார் அத்தான்.

“குடும்பப் படம்னு நோட்டீசுல போட்டிருக்காவளே.”

“வெசத்தைக்கூடப் பொட்டலம் கட்டிக் குடும்ப மருந்துன்னு விப்பான்.”

என் மகள் ரூத்தும் அக்காள் பிள்ளைகளும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கிட்டேன். “பாக்காம சொல்லப்படாது அத்தான். மொதல்ல நான் பாத்துட்டு வாரேன்.”

“மாப்ளைக்குப் படம் பாக்க ஆசை. அதுக்குப் பிள்ளைக ஒரு சாக்கு” என்றார். பெண்கள் சிரித்தார்கள்.

சாக்கு அல்ல. ஈப்போவில் ஒரு விடுமுறையில் ரூத்தை ஒரு சிரிப்புப் படத்துக்கு அழைத்துப்போனேன். அதில் ஒரு வேலைக்காரனை ஆளாளுக்கு அடித்துக்கொண்டே இருந்தார்கள். சிறுமியான ரூத் ஒவ்வோர் அடிக்கும் கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் நின்ற மலாய்க்காரர், எங்களுக்குத் திரை தெரியவில்லை என்று நினைத்துவிட்டார். “சினி, துவான், சினி”, இங்கே வாருங்கள் ஐயா என்று முன்வரிசை நாற்காலியைக் கட்டைவிரலால் காட்டினார். அந்த நாட்டில் ஆளையோ இடத்தையோ சுட்டுவிரலால் காட்டுவது மரியாதைக் குறைவு. நான்கு விரல்களை மடக்கிக் கட்டைவிரலைத்தான் நீட்டுவார்கள். அங்கேயே பிறந்த ரூத்தின் கையும் அப்படித்தான் போகும். நாற்காலியில் குறையில்லை, கதையில்தான் குறை என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். அவர் ஓடிப்போய் ஒரு மெத்தை கொண்டுவந்தார். அன்று முதல், நான் பார்க்காத படத்தை அவளுக்குக் காட்டுவதில்லை. திருப்பி அடிக்க முடியாதவன் அடிபடுவதைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கக் கூடாது. என் அளவுகோல் அவ்வளவுதான்.

மறுநாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மணல் தரை, பெண்கள் பக்கத்தைப் பிரிக்க ஒரு தட்டி. ஈப்போவில் படம் நிற்காமல் ஓடும். இங்கே ரீலுக்கு ரீல் விளக்குப் போட்டார்கள், முறுக்கு வந்தது. எனக்கு அது வசதி, யோசிக்க நேரம் கிடைத்தது. படத்தில் ஆபாசமில்லை, குடியில்லை, அடியுமில்லை. பினாங்கிலிருந்து திரும்பிய ஒரு மாமாதான் வேடிக்கை. தொப்பியைக் கழற்ற மாட்டார். தரையில் உட்காரத் தெரியாமல் தடுமாறுவார். வீட்டுக்குப் பெரியவர் யார் என்று ஒருவர் கேட்க, மாமா பணிவோடு அந்த வீட்டுக் கிழவரைக் கட்டைவிரலால் காட்டுகிறார். நம் ஊரில் கட்டைவிரல் காட்டினால் ‘உனக்கு ஒன்றுமில்லை, போ’ என்றல்லவா பொருள்? கிழவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி அவரைத் துரத்துகிறார். கொட்டகையே அதிர்ந்தது.

விளக்கு வந்தது. பக்கத்திலிருந்தவர் என் பூட்சைப் பார்த்தார். “அண்ணாச்சி எந்த ஊருலருந்து வாரீக?”

“மலாயாவுலருந்து.”

“அப்ப ஒங்களுக்கு எதுக்கு டிக்கெட்டு? நீங்கதான படமே!”

சுற்றிலும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் என் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். செருப்பு அவர்மேல் படவேயில்லை. எந்தப் பிள்ளைக்கும் அந்தப் படத்தால் கெடுதலில்லை, ஒரு பிள்ளையைத் தவிர. தன் கையைப் பார்த்து ஒரு கொட்டகையே சிரிப்பதை ரூத் கேட்கப்போகிறாள். அதற்காக வேண்டாமென்றால், என் மனத்தாங்கலுக்குத் தெருப் பிள்ளைகளின் லீவு பலியாகும்.

அத்தான் வாசலிலேயே காத்திருந்தார். “சொல்லு மாப்ளே. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போலாமா?”

“போலாம் அத்தான். அசிங்கம் ஒண்ணும் இல்ல.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “ஒம் பிள்ளையும் போவாளா?”

என் பிள்ளைக்கு ஆகாது, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆகும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. “அவளும் வாரா. ஆனா போறதுக்கு முன்னாடி பிள்ளைக எல்லார்ட்டயும் நான் ஒண்ணு சொல்லணும்.”

“சிரிப்புப் படத்துக்கும் பிரசங்கமா? எம்புட்டு நேரம்?”

“ஒங்க பிரசங்கத்துல பாதிகூட வராது.”

அக்காள் வாய்விட்டுச் சிரித்தாள். அத்தானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அனுமதி கிடைத்தது.

பிள்ளைகளை உட்காரவைத்துக் கட்டைவிரலை நீட்டிக் காட்டினேன். அந்த நாட்டில் இது மரியாதை. அது தெரியாமல்தான் படத்தில் வரும் கிழவர் கோபப்படுகிறார். சிரியுங்கள், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரியுங்கள் என்றேன். ரூத் தன் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் சிரிப்பாங்களாப்பா?”

“சிரிப்பாங்க.”

“நீங்க சிரிச்சீங்களா?”

“அந்த எடத்துல சிரிக்கல.”

“நான் பாக்கணும்” என்றாள்.

போனோம். பெண்களும் சிறுமிகளும் தட்டிக்கு அப்பால் போய்விட்டார்கள். அந்தக் காட்சி வந்தது, கொட்டகை அதிர்ந்தது. இரைச்சலுக்குள் ரூத்தின் சிரிப்பைத் தேடினேன். இருந்ததா, இல்லையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

படம் முடிந்ததும் பெண்கள் வேறு வாசல் வழியாக வெளியே வந்தார்கள். “மாமா எங்கட்டி?” என்று அக்காள் மகள் கேட்டது காதில் விழுந்தது. ரூத் என்னைக் கண்டுவிட்டாள். கை உயர்ந்தது: நான்கு விரல்கள் மடங்கி, கட்டைவிரல் நீண்டது. படத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு ஜனங்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். கை அப்படியே நின்றது. பிறகு சுட்டுவிரலும் மெல்ல நிமிர்ந்தது. ஆனால் கட்டைவிரல் மடங்கவில்லை. இரண்டையும் நீட்டியபடியே அவள் என்னைக் காட்டிக்கொண்டு நின்றாள்.