பட்டினித் தட்டு

கிருமி வளர்க்க, உள்ளங்கை அகலத்தில் மூடியிட்ட ஒரு வட்டத் தட்டு. சூடான கடற்பாசிக் கூழை அதில் ஒரே மட்டமாக ஊற்ற, இந்த மும்பையில் என்னை மிஞ்ச ஆள் இருந்தால் வரச்சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தாராவியிலிருந்து ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் பாட்டில் கழுவப் போனவன், இன்று செம்பூரில் சொந்தப் பட்டறை வைத்து ஆய்வுக்கூடங்களுக்கே தட்டு தயாரித்து அனுப்புகிறேன். ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது ஒரு வாரம் நான் ஊற்றிய தட்டுகளை நினைத்தால் மட்டும் இந்த வாய் அடங்கிவிடும்.

மாட்டுங்காவிலிருந்து வரும் ஆராய்ச்சி மேடம் அப்போது புறா எச்சத்தில் வாழும் பூஞ்சை ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தார். உடம்பு தளர்ந்தவர் மூச்சோடு இழுத்துவிட்டால் மூளைவரை போகும் பொல்லாத கிருமி. அவர் வைத்திருந்த வகைக்குத் தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தானே செய்துகொள்ள முடியாது. அதைச் செய்யவைக்கும் மரபணுவை வெளியிலிருந்து புகுத்தியிருந்தார். அந்தச் சத்தே இல்லாத தட்டில் வைத்தால், புகுந்த மரபணுவை வைத்திருப்பது மட்டும் பிழைக்கும். நாற்பது பூஞ்சைப் புள்ளிகள் பிழைத்தன; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுதிவைத்தார். ஒன்றரை வருட உழைப்பு. "பட்டினித் தட்டுதான் ஊத்தணும் அண்ணாச்சி, மறந்துடாதேங்கோ" என்று தினமும் சொல்வார்.

மறக்கவில்லை. மனசுதான் கேட்கவில்லை. அவை சுணங்கிச் சுணங்கி வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை. மேடம் காய்ச்சலில் படுத்த வாரம், ஈஸ்ட் சாறு கலந்த முழுச் சாப்பாட்டுத் தட்டு ஊற்றி, அவர் சொல்லிக்கொடுத்தபடியே பூஞ்சையைப் புதுத் தட்டுக்கு மூன்று முறை மாற்றி வைத்தேன். கொழுகொழுவென்று வளர்ந்தன. திரும்பி வந்தவரிடம் சாப்பாட்டைச் சொல்லாமல் வளர்த்தியை மட்டும் பெருமையாகக் காட்டினேன். அவர் மறுபடி பட்டினித் தட்டுக்கு மாற்றினார். நான்கு நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை.

மேடம் தன்னைத்தான் பழித்துக்கொண்டார். "மரபணு புகுந்துடுத்துன்னு நான் பார்த்ததே தப்பு போலிருக்கு. நாளைக்கு கைடு சார்கிட்ட சொல்லிட்டு, அப்பா சொன்ன பேங்க் வேலைக்கே போயிடறேன்" என்று மேசையை ஒழிக்கத் தொடங்கினார். என் வேலை போனால் போகட்டும் என்று வாய் திறந்தேன்.

"நாந்தான் மேடம். வயித்துக்குப் போட்டுட்டேன். பட்டினி கெடக்கத பாக்க முடியல."

கத்துவார் என்று நின்றேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அரே அண்ணாச்சி! வயிறு நிறைஞ்சதும் தூக்கிப் போட்டுடுத்தா எல்லாம்?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். புகுத்திய மரபணு பூஞ்சையின் சொந்த குரோமோசோமோடு சேராமல், தனித் துண்டாகவே கிடந்திருக்கிறது. தேவை இருந்தவரை வைத்திருந்தது. தேவை போனபின், ஒன்று இரண்டாகப் பிரியப் பிரிய, அந்தத் துண்டு தவறிப்போயிருக்கிறது.

"நல்லது செய்யப்போயி கெடுத்துட்டேனே" என்று அழுதேன்.

"அழாதேங்கோ. சேர்ந்துடுத்துன்னு நான்தான் நம்பிண்டிருந்தேன்."

கடைசியாக ஒருமுறை தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். இருபத்தேழு என்று எழுதிய இடத்தில் கடுகளவு வெள்ளையாக முளைத்திருந்தது.

"சாப்பாடு போட்டும் இது மரபணுவை விடலை அண்ணாச்சி. இதுல மட்டும் உள்ளேயே சேர்ந்துடுத்து போல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் முதல்லேர்ந்து பண்ணணும். இதுக்கு இன்னொரு தடவை முழுச் சாப்பாடு போடுங்கோ. அப்பவும் விடாம இருக்கான்னு பார்க்கணும்."

அன்று மாலையே ஊற்றினேன். ஈஸ்ட் சாறு அளவைவிட ஒரு சொட்டு கூடுதலாகவே விழுந்தது. மேடம் பார்த்தார். தட்டின் மூடியில் இருபத்தேழு என்று எழுதினார்.