வளைவு மரத்துப் புளி

போன மாசி மாதக் கடைசியில் இந்தக் குளிர்நாட்டில் நான் சமைக்கிற ஓட்டலின் முதலாளியம்மா, சமையல்கட்டு ஆட்கள் எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு மேப்பிள் மரத் தோப்புக்குக் கூட்டிப்போனார். முழங்கால் அளவு பனி. மரத்துக்கு ஊசி போட்ட மாதிரி ஒரு சின்னக் குழாயைச் செருகி, கீழே வாளி தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் மாதிரி சொட்டுகிற பாலை ஒரு கொட்டகையில் ஊற்றி நாளெல்லாம் காய்ச்சுகிறார்கள். சுண்டியதும் அந்தப் பாகைப் பனிமேல் கோடாக ஊற்றி, குச்சியில் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். நம் ஊர் ஜவ்வு மிட்டாய்தான். ஆசையாகக் கடித்தேன், என் பொய்ப்பல் அதோடு போய்விட்டது. பனிக்குள் கைவிட்டு நான் பல் தேடிய அழகைப் பார்த்து, கூட வேலை செய்கிற பிள்ளைகள் இன்னும் சிரிக்கிறார்கள்.

தோப்புக்காரக் கிழவர் ஒரு மரத்தைத் தட்டிக்கொடுத்து, இது என் தாத்தாவின் தாத்தா பால் எடுத்த மரம் என்றார். சும்மா சொன்னார், பெருமைக்கு இல்லை. மரம் நிற்கும், அதன் கீழே ஆட்கள் மாறுவார்கள், அவ்வளவுதானே என்கிற குரல். எனக்குச் சுருக்கென்றது.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் மண்ணில் விளைந்ததன்மேல் இருக்கிற பற்றைச் சொல்லி மாளாது. வடக்கே காட்டில் பொறுக்கிய புளூபெர்ரி, இன்ன ஏரியில் பிடித்த மீன், ஏரித் தண்ணீரில் தானாக முளைத்த காட்டு அரிசி, கிழக்கே ஆற்றோரத்தில் பறித்த பிடில்ஹெட் என்கிற, தேள்கொடுக்கு மாதிரி சுருண்ட ஒரு கீரை. எங்கள் ஓட்டல் மெனுவைப் படித்தால் பட்டா சிட்டா படிக்கிற மாதிரி இருக்கும். எந்த மாட்டின் பாலில் எந்த ஊர்ப் பாலாடைக்கட்டி என்பதுவரை போட்டிருக்கும். திரும்பி வரும்போது வேனில் முதலாளியம்மா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். உங்கள் ஊர் சரக்கு எது, அதை வைத்து ஆளுக்கு ஒருநாள் சமைத்துப் போடுங்கள் என்றார். என் முறை வந்தது. மாம்பழம் என்று சொல்லிவிட்டேன். மாம்பழம் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன. என் ஊர்ச் சரக்கு புளி. அதுவும் ஒரே ஒரு மரத்துப் புளி. அந்தக் கொட்டகையில் பாகு கொதித்த ஆவி முகத்தில் அடித்தபோது எனக்கு இனிப்பு வாசம் வரவில்லை. புளி கொதிக்கிற வாசம்தான் வந்தது.

நான் கல்வராயன் மலைக்காரன், கரியாலூர்ப் பக்கம். இருபத்திரண்டு வயதில் ஒரு மூட்டை சாமையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி உளுந்தூர்பேட்டையில் இறங்கினேன். மூட்டையை வாங்கிய சாப்பாட்டுக் கடை அக்கா, "சாமைய கொட்டிட்டு கெளம்பிடாத, எல எடுக்க ஆளில்ல" என்றாள். இலை எடுத்தேன், அப்புறம் காய் நறுக்கினேன், அப்புறம் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். அவள் பெயர் தனலட்சுமி. நாற்பது வயது இருக்கும். புருஷன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனவன். அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், சாப்பிட்டாச்சா, கை கழுவு என்பாள். என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் மலை" தான்.

பக்கத்துக் களமருதூர் அரிசிச் சோறு எல்லாக் கடையிலும் கிடைக்கும். அக்கா கடையில் சாமைச் சோறும் மொச்சைக் காரக்குழம்பும் கிடைக்கும். திருச்சிக்குப் போகிற லாரிக்காரர்கள் பசியை அடக்கிக்கொண்டு வந்து இங்கே வண்டியை நிறுத்துவார்கள். சாமை எங்கள் மலைச் சரக்கு. ஆனால் குழம்பின் சூட்சுமம் புளியில் இருந்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில், அக்கா பிறந்த ஊரைத் தாண்டி ஒரு வளைவு. அங்கே ஒரு புளியமரம். சாலைக்காரர்கள் எல்லா மரத்துக்கும் நம்பர் எழுதியிருந்தார்கள், இதற்கும் எழுதியிருந்தார்கள். ஆனால் இது செம்புளி. பிஞ்சை நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும். பழுத்தாலும் அந்தச் சிவப்பு முழுக்கப் போகாது. குழம்பில் போட்டால் நாக்கைக் கடிக்காது, முதலில் புளிக்கும், விழுங்கியபிறகு லேசாக இனிக்கும். அந்த ரோட்டில் வேறு எந்த மரமும் அப்படிக் காய்த்ததில்லை.

அக்காவுக்கு ஒரு குறை இருந்தது. ரோட்டு மரங்களை மொத்தமாக ஒருவர் ஏலம் எடுப்பார். எல்லா மரத்தையும் உலுக்கி, எல்லாப் புளியையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிடுவார். அக்கா அவர் களத்தில் உட்கார்ந்து, குவியலில் சிவப்பாக இருப்பதைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். வந்தது பாதி வருஷத்துக்குக் காணாது. மீதி நாளில் குழம்பு சுமாராகத்தான் இருக்கும், அக்கா யாரையாவது ஏசிக்கொண்டே இருப்பாள். அந்த வருஷம் பங்குனியில், ஏலம் எடுத்த குத்தகைக்காரரிடம் அவள் நேராகவே பேசிவிட்டாள். அடுத்த பங்குனிவரை அவர் அக்கா கடையில் தினமும் காசில்லாமல் சாப்பிடுவது, பதிலுக்கு வளைவு மரத்தை மட்டும் அவளுக்கு விட்டுவிடுவது. கையெழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். குத்தகைக்காரர் நல்ல தீனிக்காரர். மறுநாளே வந்து உட்கார்ந்தார். "காயட்டும், வளைவு மரம் முழுசா நம்ம பானைக்கு வருது, வருசம் பூரா ஒரே குழம்பு" என்று அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். புதுப் பானைகூட வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். தனக்கென்று அவள் ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒன்றுதான்.

அது அக்காவின் சாதிக்காரர்கள் தனி இடஒதுக்கீடு கேட்ட போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். அக்காவின் தம்பி சேகர் பி.காம். முடித்து, வேலை கிடைக்காமல் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். அவனை அவள்தான் படிக்கவைத்தாள். அவன் ஊர்வலம், கூட்டம் என்று அலைந்தான். ராத்திரி சோறு தின்னும்போது என்னைச் சீண்டுவான்.

"ஒனக்கு இன்னாடா மலை, ஒனக்குத்தான் தனி கோட்டா கீது. எங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

"கோட்டா கீது சேகரு. சர்ட்டிபிகேட்டுதான் குடுக்க மாட்றாங்க."

அக்கா சிரித்துவிட்டு இருவருக்கும் குழம்பு ஊற்றுவாள். அவர்கள் கேட்டது நியாயம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவனின் முகத்தைத் தினமும் பார்த்தவன் நான்.

புரட்டாசியில் சாலை மறியல் என்று முடிவானது. மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு ஒரு வண்டியும் போகாமல் செய்வது. இதில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தன் ஊர் மரத்தைத் தானே வெட்ட யாருக்கும் கை வராது. உள்ளூர்ப் போலீசுக்கு ஆளும் அடையாளம் தெரிந்துவிடும். அதனால் இந்த ஊர்க்காரர்கள் பக்கத்து ரோட்டுக்குப் போய் வெட்டுவது, அந்த ரோட்டுக்காரர்கள் இங்கே வந்து வெட்டுவது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரி மரம் மாற்றிக்கொண்டார்கள்.

அக்கா இதைக் கேட்டுப் பதறிப்போனாள். சேகர் சமாதானம் சொன்னான்.

"வளைவு மரத்த மட்டும் வுட்டுடுங்கன்னு சொல்லிட்டேங்க்கா. சரின்னுட்டாங்க."

"சொன்னா கேப்பாங்களாடா?"

"இன்னாக்கா நீ. நம்ம ஆளுங்கதானே."

மறியல் தொடங்கியதும் உளுந்தூர்பேட்டை லாரிகளால் அடைத்துக்கொண்டது. எந்தப் பக்கமும் போக வழியில்லை. கரியாலூர் பஸ் நின்றுபோனது, சாமை வரவில்லை. காய்கறி இல்லை. அக்கா இருந்த அரிசியைக் கஞ்சியாக்கி, மாட்டிக்கொண்டு நின்றவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், சேலத்து லாரிக்காரர் ஒருவர் வண்டியைப் போட்டுவிட்டு ரோட்டோடு நடந்தே வந்தார். மடியில் கட்டியிருந்த பச்சைப் புளியம்பிஞ்சை மேசைமேல் கொட்டினார்.

"மரம் ரோட்டுல சாஞ்சு கெடக்குதும்மா, பொறுக்க ஆளில்ல. தொவையலுக்கு ஆகும்ல?"

நல்ல மனுஷன். பாவம், உதவியாகத்தான் கொண்டுவந்தார். அக்கா ஒரு பிஞ்சை எடுத்து நகத்தால் கீறினாள். சிவப்பு. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் சிவப்பு. எதற்கு இத்தனையைக் கீறுகிறாள் என்று லாரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அழவில்லை. "மலை, அம்மியக் கழுவு" என்றாள். பச்சை மிளகாயும் உப்பும் வைத்து அவளே அரைத்தாள். சிவப்பாக, நல்ல ருசியாக வந்தது. எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டார்கள். நான் வெறும் கஞ்சியைக் குடித்தேன்.

சேகர் மறுநாள் காலை வந்தான். கை இரண்டும் கொப்பளம். அகோரப் பசி. அக்கா கஞ்சி ஊற்றி, ஓரத்தில் துவையலை வைத்தாள்.

"இன்னா தொவையலுக்கா, நல்லா தூக்கலா கீது."

"நம்ம வளைவு மரம்தான்."

கை அப்படியே நின்றது. "நான் சொன்னேங்க்கா. சத்தியமா சொன்னேன்."

"நீ சொன்னது சரி. அவங்க ஒங்ககிட்ட எதையும் வுட சொல்லலியா?"

அவன் கஞ்சியைக் கிளறினான். அக்கா விடாமல் எதிரே வந்து உட்கார்ந்ததும் சொன்னான்.

"சொன்னாங்க. கோயிலாண்ட ஒரு மரம்."

"வுட்டீங்களா?"

"அதுதான்க்கா இருக்கறதுலயே பெருசா இருந்துது."

அவ்வளவுதான். யார் முதலில் ஏமாற்றினார்கள் என்று பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஒரே சாயங்காலம்தான் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டதும், சரி என்று தலையாட்டியதும் உண்மை. மரம் பெரிதாக இருந்தால் ரோடு நன்றாக அடையும். அடுத்தவன் ஊர் மரம் வேறு. அப்புறம் என்ன கை நடுங்கப்போகிறது?

அந்த நாட்களில் உயிர் போனவர்கள் உண்டு, குடிசை எரிந்தவர்கள் உண்டு. இவன் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறானே என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மரத்துக்குச் சாட்சி நான் ஒருவன்தான்.

ரோடு திறந்ததும் குத்தகைக்காரர் வந்து வாசலில் தயங்கி நின்றார். "மரம் போச்சேம்மா, நான் இன்னா பண்றது" என்றார். அரை வருஷம் தின்று தீர்த்தவர். அக்கா, "ஒக்காருங்க, சோறு ஆறுது" என்றாள். உள்ளே வந்து நான் குதித்தபோது, "பங்குனி வரிக்கும்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எலையப் போடு" என்றாள். அவரும் கூச்சமே இல்லாமல் பங்குனிவரை ஒருநாள் விடாமல் வந்து தின்றார். அப்பளம் கூடுதலாகக் கேட்டதும் உண்டு. புதுப் பானையில் அக்கா உப்பு கொட்டி வைத்தாள்.

போராட்டம் பலித்தது. கொஞ்ச வருஷத்தில் சேகருக்கு சர்க்கார் ஆபீசில் வேலை கிடைத்தது. அலைந்து திரிந்து எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கிக்கொடுத்ததும் அவன்தான், அதற்குள் எனக்கு வயது தாண்டிவிட்டது. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சென்னை, துபாய், இங்கே என்று வந்துவிட்டேன். முதல் சம்பளத்தில் சேகர் அக்காவுக்குப் புடவை எடுத்து வந்த அன்று, சாப்பிட்டுவிட்டு, "கொழம்பு முன்ன மாதிரி இல்லக்கா" என்றான். தெரியாமல்தான் சொன்னான். அக்கா அவனுக்கு மோர் ஊற்றினாள்.

அப்புறம் நாலுவழிச் சாலை வந்தது. மிச்சம் நின்ற புளியமரங்களை இயந்திரம் வைத்துச் சாய்த்தார்கள். பைபாஸ் வந்ததும் லாரிகள் ஊருக்குள் வருவது நின்றது. கடை போனது. இப்போது அந்த வளைவே கிடையாது, நேராக்கிவிட்டார்கள். நடுவில் அரளிச் செடி வைத்திருக்கிறார்கள்.

மேப்பிள் தோப்பிலிருந்து வந்த இரவு சேகரைப் போனில் கூப்பிட்டேன். ஓய்வு பெற்றுவிட்டான், மூட்டுவலி என்றான். அந்தக் கிழவர் மரத்தைத் தட்டிக்கொடுத்ததைச் சொன்னேன். அப்புறம் அவன் எப்போதும் சொல்வதையே சொன்னான்.

"நாங்க வெட்டலன்னாலும் நாலுவழி ரோட்டுக்காரன் வெட்டியிருப்பான்டா மலை."

உண்மைதான். அதற்குப் பதில் அக்காவிடம் இருந்தது. கடைசியாக நான் லீவில் போய் அவளைப் பார்த்தபோது, படுக்கையில் கிடந்தாள். சேகர் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து இதே பேச்சைச் சொன்னான். அக்கா கோபப்படவில்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அவன் வெட்டியிருந்தா அவன வாய் நெறைய ஏசியிருப்பேன்டா. இப்ப நான் யார ஏசறது?"